டி.வி.எஸ். ஐயங்காரும் குடும்பக் கம்பெனி வேலையும்

ஒவ்வொரு சந்திப்பிலும் இறுதியாண்டுத் தம்பிகள் என்னிடம் கேட்பது, குடும்பக் கம்பெனியில் சேரலாமா என்பதுதான். வேலை கிடைத்த சேதியோடு நான் வரதராஜன்பேட்டைக்குப் போனபோது என் அப்பாவுக்கும் இதே சந்தேகம். எவ்வளவு உழைத்தாலும் கடைசியில் முதலாளி பிள்ளைக்குத்தான் நாற்காலி என்பது அவர் கணக்கு. பதிலாக ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறேன்.

திருநெல்வேலிச் சீமை திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்பதில் முதல் எழுத்து அந்த ஊர்தான். அப்பாவின் விருப்பத்துக்காக வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரயில்வே, அப்புறம் வங்கி. மூன்றுமே பெண் வீட்டார் தேடி வருகிற உத்தியோகம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1911-ல் மதுரையில் சொந்தக் கம்பெனி தொடங்கியபோது அவருக்கு வயது 34. எனக்கும் இப்போ அதே வயசு. வீட்டுக்கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் ரோடெல்லாம் கிடந்த காலம். பஸ்ஸுக்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்பார்கள். அவர் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்றும் மதுரைப் பக்கம் சொல்வதுண்டு.

எனக்குப் பிடித்தது அவருடைய கேஸ் பிளான்ட். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. கரி அடுப்பு மாதிரி ஒரு கலத்தை வண்டியில் பொருத்தி, காற்றைக் குறைத்துவிட்டுக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதை ஆறவைத்து, சாம்பலை வடிகட்டி, என்ஜினுக்குள் விட்டால் வண்டி ஓடும். இழுவை குறையும், மேட்டில் திணறும், ஆனாலும் ஓடும். தன் வண்டிகளோடு நிற்காமல் மற்றவர்களுக்கும் செய்து விற்றார். வாங்கி விற்பதும் ரிப்பேர் பார்ப்பதுமாக இருந்த கம்பெனி உற்பத்திக்குப் பழகியது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டிலும் அவர் சாமான்யர் இல்லை. இளம் வயதில் கணவரை இழந்த மகள் சௌந்தரத்தை டாக்டருக்குப் படிக்கவைத்தார். 1947-ல் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் அந்த அம்மாள் ஒருவர்.

பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி, 1955-ல் கொடைக்கானலில் காலமானார். வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு, 1960-களின் தொடக்கத்தில் வந்தவை. ஆக, அப்பா சொன்ன நாற்காலிக் கணக்கு இங்கேயும் பொய்யில்லை. ஆனால் உட்கார்ந்த பிள்ளைகள் புதுத் தொழிற்சாலைகள் கட்டினார்கள். 2022-ல் குடும்பத்தின் கிளைகள், அவரவர் நடத்திவந்த கம்பெனிகளை அவரவர் சொந்தமாக்கிக்கொண்டன.

நான் இருக்கும் கம்பெனி வேறு, பெயர் வேண்டாம். எனக்கு வரவேண்டிய பிளான்ட் மேனேஜர் பதவி முதலாளியின் மருமகனுக்குப் போனது. ஆறு மாதம் மனசு ஆறவில்லை. அதே முதலாளிதான் அப்பாவின் இதய ஆபரேஷனுக்கு, விண்ணப்பம் கேட்காமல், ராத்திரி பதினோரு மணிக்குப் பணம் அனுப்பினார்.

அடுத்த மாதம் அவருடைய பேரன் டிரெய்னியாக எங்கள் ஷாப்புக்கு வருகிறான். முதல் மூன்று மாதம் லேத்தில் நிற்கவைக்கும்படி ஃபோர்மேனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.