காலையில் கோயில், அப்புறம் 3 மணி நேரம் எழுத்து... கத்தோலிக்கர்களே முகம் சுளித்த கத்தோலிக்க எழுத்தாளர்! யார் இந்த ஃப்ளானரி ஓ'கானர்?

ஒரு குடும்பம் காரில் சுற்றுலா கிளம்புகிறது. வழியில் விபத்து. அங்கே வந்து நிற்பவன் சிறையிலிருந்து தப்பிய கொலைகாரன். பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒருத்தரும் மிஞ்சவில்லை. இந்தக் கதையை எழுதியவர் ஒழுங்காக திருப்பலிக்குப் போகிற 28 வயது கத்தோலிக்கப் பெண் என்றால் நம்புவீர்களா?

அவர்தான் அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ'கானர். ஈதன் ஹாக் இயக்கி, அவரது மகள் மாயா ஹாக் நடித்த 'வைல்ட்கேட்' படம் இவரைப் பற்றியதுதான்.

1925 மார்ச் 25ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் பிறந்தார். வீட்டில் ஒரே பிள்ளை. சின்ன வயதில் இவர் வளர்த்த கோழி பின்பக்கமாக நடக்கிறது என்று கேள்விப்பட்டு, நியூஸ் ரீல் கேமராவே வீடு தேடி வந்தது. 15 வயதில் அப்பா இறந்தார். காரணம் லூபஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குகிற நோய். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாமியாரிடம் கேட்ட சந்தேகம்

அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சி. அங்கே அவர் ரகசியமாக எழுதிய ஜெப நோட்டு 2013ல் புத்தகமாக வந்தது. நல்ல கதை எழுத வரம் கேட்டு கடவுளிடம் மன்றாடுகிற ஓர் இளம்பெண்ணை அதில் பார்க்கலாம்.

ஆனால் ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. தன் கதையில் வருகிற மோசடிக்காரர்களும் விலைமாதர்களும் படிப்பவரைப் பாவத்தில் தள்ளிவிட்டால்? எழுத ஆரம்பித்த காலத்தில் நேராக ஒரு குருவானவரிடமே போய்க் கேட்டுவிட்டார். 15 வயது சிறுமிகளுக்காக எழுத வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை என்று அவர் அனுப்பி வைத்தார். அந்தப் பதில் மட்டும் வேறு மாதிரி இருந்திருந்தால், இன்று நமக்கு இந்தக் கதைகள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

25 வயதில் இடி

1950 டிசம்பரில் ஊருக்கு ரயிலில் திரும்பும்போதே உடம்பு படுத்துவிட்டது. அப்பாவைக் கொன்ற அதே லூபஸ். அம்மா ரெஜினா உண்மையை மறைத்து, மூட்டுவாதம் என்றே சொல்லி வைத்திருந்தார். 1952ல் தோழி ஒருவர் சொல்லித்தான் அவருக்கே விஷயம் தெரியும். முதல் நாவல் 'வைஸ் பிளட்' வந்ததும் அதே ஆண்டில்தான்.

அதன் பிறகு வாழ்க்கை மில்லெட்ஜ்வில் ஊருக்கு வெளியே, 'அண்டலூசியா' என்ற பால் பண்ணையில். நிர்வாகம் அம்மா கையில். காலையில் இருவரும் கோயிலுக்குப் போவார்கள். திரும்பியதும் டைப்ரைட்டர். ஜன்னலைப் பார்க்காத மாதிரி மேசையைப் போட்டிருந்தார். ஸ்டீராய்டு மருந்து நோயை அடக்கியது, ஆனால் இடுப்பு எலும்பைக் கரைத்தது. 1955 முதல் ஊன்றுகோல். அந்த உடம்பு எழுத்துக்குக் கொடுத்தது சுமார் 3 மணி நேரம்தான். எதுவும் தோன்றாத நாளிலும் அந்த நேரத்துக்கு நாற்காலியில் இருப்பார். மதியத்துக்கு மேல் கடிதங்கள், விருந்தாளிகள், சுமார் 40 மயில்கள்!

இரண்டு பக்கமும் இடி

கத்தோலிக்க எழுத்தாளர் என்றால் மனசுக்கு இதமாக, பக்தி வளர்க்கிற மாதிரி எழுதணும் என்று சொந்த மதத்துக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். இந்தப் பக்கம் விமர்சகர்களில் சிலர், இவர் மதத்தைக் கிண்டல் பண்ணுகிறார் என்றே நினைத்துவிட்டார்கள். கொள்கையை நிரூபிக்க வாழ்க்கையை அழகுபடுத்திக் காட்டினால் கதையும் கெடும், விசுவாசமும் பொய்யாகும் என்பது அவரது உறுதி. அவர் கதைகளில் கடவுளின் அருள் பெரும்பாலும் துப்பாக்கி, காளையின் கொம்பு என்று அடியாகத்தான் வந்து இறங்கும்.

இன்னொரு வேடிக்கை, அவரது முக்கியப் பாத்திரங்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கரே கிடையாது. ஜார்ஜியாவில் கத்தோலிக்கர்கள் கொஞ்சம் பேர்தான். சுற்றிலும் பாப்டிஸ்ட் சபைகளும் தெருப் பிரசங்கிகளும். கத்தோலிக்கருக்கு பக்தி முற்றினால் மடத்தில் சேர்ந்துவிடுவார், வெளியே தெரியாது. பிரசங்கிக்கு முற்றினால் நடுரோட்டில் தெரியும். கதைக்கு எது தோது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதற்காக சபையை அலட்சியம் செய்தவர் இல்லை. மறைமாவட்டப் பத்திரிகைகளுக்கு 100க்கும் மேற்பட்ட புத்தக விமர்சனங்கள் எழுதினார். அன்று திருச்சபையின் தடைப் பட்டியலில் இருந்த புத்தகங்களைப் படிக்க, குருவானவரிடம் அனுமதி கேட்டவர் அவர்.

1958ல் உறவினர் ஒருவரின் செலவில் பிரான்சின் லூர்து நகருக்கு யாத்திரை. விருப்பமே இல்லாமல்தான் போனார். நோய் தீர வேண்டும் என்று எல்லோரும் வேண்டுகிற அந்த இடத்தில், இவர் வேண்டிக்கொண்டது எழுதிக்கொண்டிருந்த நாவலுக்காக! அந்த நாவல் 1960ல் வெளியானது.

மறைக்க முடியாத கறை

கருப்பின மக்கள் பற்றி அவர் தனிக் கடிதங்களில் எழுதிய இனவெறி வார்த்தைகள் பிற்பாடு வெளியே வந்தன. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினை ஜார்ஜியாவில் சந்திக்க மறுத்ததும் உண்மை. மேரிலாந்தில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2020ல் விடுதிக் கட்டடத்திலிருந்து இவர் பெயரை நீக்கியது. வெள்ளைக்காரர்களின் திமிரைக் கதையில் கிழித்துத் தொங்கவிட்ட அதே ஆள்தான் இவரும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மன்னிக்க முடியாது.

1964 தொடக்கத்தில் ஓர் அறுவை சிகிச்சை. அடங்கியிருந்த லூபஸ் திரும்ப எழுந்தது. மருத்துவமனையில் வேலை செய்யக் கூடாது என்று தடுத்துவிடுவார்களோ என்று, கதைத் தாள்களைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துத் திருத்தினார். ஜூலையில் நோயில்பூசுதல் பெற்றார். ஆகஸ்ட் 3ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 39.

அந்தக் கடைசிக் கதைகள் அடுத்த ஆண்டு தொகுப்பாக வந்தன. மொத்தக் கதைகளும் அடங்கிய புத்தகத்துக்கு 1972ல் அமெரிக்காவின் தேசிய புத்தக விருது கிடைத்தது.