சாயவியல் மேதை பேராசிரியர் வெங்கடராமன்

கரிம வேதியியல் வினைகளுக்குப் பெரும்பாலும் ஐரோப்பியர் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன. பெர்க்கின், கிளெய்சன், கன்னிசாரோ என்று மனப்பாடம் செய்துகொண்டு போகும்போது பேக்கர்–வெங்கடராமன் இடமாற்றம் என்ற பெயர் வந்தால் சற்று நின்று பார்க்கத் தோன்றுகிறது. அந்த வெங்கடராமன் சென்னையில் பிறந்தவர். (சர் சி. வி. இராமன் வேறு, இவர் வேறு.)

கிருஷ்ணசாமி வெங்கடராமன் 1901ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பிறந்தார். சென்னையில் வேதியியல் கற்றபின் உதவித்தொகை பெற்று, பருத்தித் துணிக்குப் பேர்போன மான்செஸ்டர் நகருக்குச் சென்றார். பிற்காலத்தில், 1947இல், நோபல் பரிசு பெற்ற இராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிச் சிறிது காலம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார். பின்னர் லாகூர் ஃபோர்மன் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அவர் பெயர் தாங்கிய வினை அங்கேதான் உருவாயிற்று. அதே காலத்தில், 1933–34இல், இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் தனியே அதைக் கண்டறிந்ததால் இருவர் பெயரும் இணைந்து நிற்கின்றன. கீட்டோன் தொகுதிக்கு அடுத்த கார்பனிலிருந்து காரம் ஒரு புரோட்டானைப் பறித்துவிடுகிறது. எதிர்மின்சுமை பெற்ற அக்கார்பன், அருகில் எஸ்டராக ஆக்சிஜனுடன் இணைந்திருக்கும் அசைல் தொகுதியைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. பிறகு அமிலத்தைச் சேர்த்தால் வளையம் மூடி, ஃபிளேவோன் கிடைக்கிறது. தாவரங்களின் மஞ்சள் நிறமிகள் பல இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

1934இல் அவர் பம்பாய்ப் பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறைக்கு வந்தார். 1938இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார். செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1952இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர் பல அறிஞர்களின் கட்டுரைகளைத் தொகுத்து 1978க்குள் எட்டுத் தொகுதிகளாக அதை வளர்த்தார். 1972இல் வந்த ஆறாம் தொகுதி முழுவதும் ரியாக்டிவ் சாயங்களைப் பற்றியது.

இவ்விடத்தில் எங்கள் ஊரைச் சொல்லாமல் மேலே செல்ல முடியவில்லை. என் தந்தை முதலிபாளையத்தில் சாயப்பட்டறைத் தொழிலாளி. பனியன் துணிக்கு முதலில் உப்பும் சாயமும் போட்டு ஓடவிட்டு, பிறகே சோடாவைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். முன்னதாகவே சேர்த்தால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். காரணம் அமில–காரத் தத்துவமே. பருத்தியின் ஹைட்ராக்சில் தொகுதியிலிருந்து சோடா புரோட்டானை நீக்கினால்தான் சாய மூலக்கூறு நூலோடு பிணையும். ஆனால் அதே காரச்சூழலில் தண்ணீரும் சாயத்தோடு வினைபுரிகிறது. அவ்வாறு கெட்டுப்போன சாயம் துணியில் பிணைவதில்லை, உப்போடு சேர்ந்து கழிவுநீரில் போகிறது. நொய்யல் நிறம் மாறியதும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இதன் தொடர்ச்சியே. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தந்தையின் கைக்குத் தெரிந்ததன் காரணத்தை நான் ஆங்கில நூலின் துணையோடு அறியவேண்டியிருந்தது. சாயத்தொட்டி அருகே நிற்பவரும் படிக்கத்தக்க தமிழில் இவை எழுதப்படவேண்டும் என்பது என் ஆசை. நம் விரிவுரையாளர்கள் மனம் வைத்தால் ஆகாததன்று.

1957இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்ற வெங்கடராமன், 1961இல் பத்மபூஷண் விருது பெற்று, 1966இல் அப்பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். செயற்கைச் சாயங்களுக்கு அத்தனை பெரிய நூல் செய்தவர் இயற்கை நிறங்களையும் விட்டுவிடவில்லை. அரக்கின் சிவப்பு நிறமிகளையும் பலா மரத்தின் மஞ்சள் நிறமிகளையும் ஆராய்ந்து அவற்றின் அமைப்பை வகுத்தார். பலாவின் மஞ்சளிலும் இருப்பவை ஃபிளேவோன்களே. 1981ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், எண்பதாம் வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருக்கையில், அவர் காலமானார்.