சுபேதார் சுப்பிரமணியன்

முதல் உலகப்போர் முடிந்தபின், தமிழகத்தின் பல ஊர்களில் ஆங்கில அரசு நினைவுக் கற்களைப் பதித்தது. இவ்வூரிலிருந்து போருக்குச் சென்றோர் இத்தனை பேர், உயிர்நீத்தோர் இத்தனை பேர் என்னும் எண்ணிக்கை மட்டுமே அவற்றுட் பலவற்றில் காணப்படும். மாண்டவர் பெயர் இராது. இரண்டாம் உலகப்போரில் மாண்ட தமிழ் வீரருள் பெயரும் செயலும் ஒருங்கே அறியப்பட்டவர் சுபேதார் சுப்பிரமணியன்.

பொழிச்சலூர், பல்லாவரம், தாம்பரம் முதலிய ஊர்களும் காஞ்சிபுரமும் அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. ஏரிகள் மிகுந்த அம்மாவட்டத்தின் கீழ் ஒட்டிவாக்கம் என்னும் சிற்றூரில் 1912ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பின்னர் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். 1780இல் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியியற்படை அது. பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியன அதன் பணிகள். துப்பாக்கி ஏந்துவோர் முன்னேற வழி செய்பவர்கள் இவர்களே. எனினும் வெற்றிச் செய்திகளில் இவர்கள் பெயர் அரிதாகவே இடம்பெறும். சிப்பாய்க்கும் ஆங்கில அதிகாரிக்கும் இடைப்பட்ட சுபேதார் பதவிவரை அவர் உயர்ந்தார்.

1944 பிப்ரவரியில் நான்காம் இந்திய டிவிஷன் இத்தாலியின் கசினோ மலையைக் கைப்பற்ற முயன்று பெரும் இழப்புற்றது. கசினோவுக்குத் தென்கிழக்கே மிஞ்ஞானோ என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே, பிப்ரவரி 24ஆம் நாள், சுப்பிரமணியனின் குழுவினர் கண்ணிவெடி நிறைந்த நிலத்தில் வழி செய்துகொண்டிருந்தனர். அப்போது வீரர் ஒருவரின் காலடியில் வெடியொன்று முடுக்கப்பட்டது.

அது ஜெர்மானியரின் எஸ் வகைக் கண்ணிவெடி. மிதித்தவுடன் வெடிப்பதில்லை. ஏறத்தாழ நான்கு நொடிகள் கழித்து நிலத்திலிருந்து மேலெழும்பி, இடுப்பளவு உயரத்தில் சிதறி, முந்நூற்றுக்கும் மேற்பட்ட எஃகுக் குண்டுகளை நாற்புறமும் வீசும். நிற்போர் தப்புவது அரிது. நிலத்தில் விழுந்து படுத்தால் ஓரளவு தப்பலாம். கண்ணிவெடிப் பணியில் தேர்ந்த சுபேதார் இதனை அறியாதவர் அல்லர். அவரும் படுத்தார், ஆயின் அவ்வெடியின் மீதே பாய்ந்து படுத்தார். வெடியின் முழு வீச்சையும் அவர் உடல் ஏற்றது. உடனிருந்தோர் உயிர் பிழைத்தனர், அவர் மாண்டார்.

பகைவர் எதிர்நின்று சுடாத இடத்தில் நிகழ்ந்த செயலாதலின், அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்படவில்லை. அதற்கு இணையான ஜார்ஜ் சிலுவை அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. விடுதலைப் போராட்டத் தலைவர் பலர் அப்போது சிறையில் இருந்தனர். அவர்களைச் சிறையிட்ட அரசின் சீருடையிலேயே சுப்பிரமணியன் இறந்தார். இவ்விரு உண்மைகளுள் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் கூறுவது அவர் வாழ்வைக் குறைத்துக் கூறுவதாகும். நெருக்கடியில் அவர் கண்முன் நின்றது பேரரசு அன்று. தம்மை நம்பிப் பின்வந்த சில மனிதர்களே.

2002இல் இலண்டனில் திறக்கப்பட்ட நினைவு வாயில்களின் அருகே சிறு மண்டபம் ஒன்று உள்ளது. இரு உலகப்போர்களிலும் விக்டோரியா சிலுவையும் ஜார்ஜ் சிலுவையும் பெற்ற இந்தியத் துணைக்கண்ட வீரர் முதலியோரின் பெயர்கள் அதன் உட்கூரையில் பொறிக்கப்பட்டுள்ளன. கீழ் ஒட்டிவாக்கத்துச் சுப்பிரமணியன் பெயரும் அவற்றுள் ஒன்று.