முடிச்சுகளின் மேதை மாக்ஸ் டேன்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் பாடத்தில் எதையாவது தந்தையாருக்கு விளக்க வேண்டுமென்றால் மாக்ஸ் டேனின் கணிதத்தைத்தான் சொல்வேன். மாட்டுக்குக் கயிறு கட்டுபவருக்கு முடிச்சைப் பற்றிச் சொல்லத் தயக்கம் ஏன்?

டேன் 1878-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். கோட்டிங்கனில் மாமேதை ஹில்பர்ட்டிடம் பயின்றார். 1900-இல் ஹில்பர்ட் முன்வைத்த புகழ்பெற்ற கணக்குகளுள் மூன்றாவதை அவ்வாண்டே தீர்த்து ஆசிரியரையே வியக்க வைத்தார். சம கனஅளவுள்ள நான்முகிகளாயினும், ஒன்றைத் துண்டுகளாக வெட்டி மற்றொன்றாக அடுக்க எப்போதும் இயலாது என நிறுவினார். எப்படி வெட்டினாலும் மாறாத ஓர் அளவைக் கண்டதே அவர் கையாண்ட உத்தி.

1910-இல் அவர் செய்ததுதான் என்னை மயக்கியது. கயிற்றில் முடிச்சிட்டு இரு நுனிகளையும் ஒட்டுங்கள். அதைச் சைக்கிள் டியூப் அளவு தடித்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். நம் வெளியோடு முடிவிலியில் ஒரு புள்ளியைச் சேர்த்தால் முப்பரிமாணக் கோளம் கிடைக்கும். அதிலிருந்து அந்த டியூப்பை அகழ்ந்தெடுத்து, வேறு விதமாகத் திருகி மீண்டும் ஒட்டுங்கள். கையால் ஆகாது, மனத்தால் ஆகும். கிடைப்பது புதிய வெளி! துளைகளை எண்ணும் கணக்கில் கோளம் போலவே தோன்றி, உண்மையில் கோளமல்லாத வெளியொன்றைப் புவான்காரே 1904-இல் காட்டியிருந்தார். டேனோ மூவிலை முடிச்சு ஒன்றிலிருந்தே அத்தகையவற்றை எண்ணற்றுப் படைத்தார். வாலஸும் லிக்கரிஷும் 1960-களின் தொடக்கத்தில், மூடிய திசையுறு முப்பரிமாண வெளிகள் அனைத்தையும் இவ்வாறே முடிச்சுகளிலிருந்து பெறலாம் என நிறுவினர். தோற்றத்தில் ஏமாற்றும் இவ்வெளிகளைப் பிரித்தறிய 1985-இல் காசன் ஒரு மாறிலியைத் தந்தார்; 1988-இல் ஃபுளோயர், இயற்பியலின் கேஜ் கொள்கையைக் கொண்டு இன்னும் நுட்பமான கருவியைத் தந்தார்.

இதையெல்லாம் காண டேன் இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் பணிபுரிந்த அவரை, யூதர் என்பதற்காக 1935-இல் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நாஜி அரசு நீக்கியது. 1938 நவம்பரில் கைது செய்தார்கள். அடைக்க இடமில்லாததால் அன்றே விட்டார்கள். 1939-இல் நார்வேக்குத் தப்பினார். மறு ஆண்டே அங்கும் ஜெர்மானியப் படை வந்தது. அறுபது வயதைக் கடந்தவர், மனைவியுடன் சுவீடன், ரஷ்யா, சைபீரிய இரயில், ஜப்பான் எனச் சுற்றி 1941 தொடக்கத்தில் அமெரிக்கா அடைந்தார். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு நிலையான இடம் தரவில்லை. இதை நினைக்கையில் மனம் பொறுக்கவில்லை.

1945-இல் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் சேர்ந்தார். கலைகளுக்கே பெயர்பெற்ற அச்சிறு கல்லூரிக்கு அவர் ஒருவரே கணித ஆசிரியர். மாதம் 40 டாலரும், உணவும் உறைவிடமும் ஊதியம். கணிதத்தோடு தத்துவமும் கிரேக்கமும் கற்பித்தார். மாணவரோடு மலைக்காடுகளில் நடந்தார். 1952-இல் மறைந்தவரைக் கல்லூரிக் காட்டிலேயே அடக்கம் செய்தனர்.

1910-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் எழுதிய துணைத்தேற்றம் ஒன்றின் நிறுவலில் இடைவெளி இருப்பதை 1929-இல் நேசர் கண்டிருந்தார். 1957-இல் கிரேக்கரான பாப்பகிரியகோபுலோஸ் அதை முழுமையாக நிறுவினார். பிளாக் மவுண்டன் கல்லூரி மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான்.