வீடு வழிவிட்டது, தாட்சாயணி படித்தார்

இந்திய அரசியல் சாசனத்தை உருவாக்கிய அவையில் 15 பெண்கள் இருந்தனர். அவர்களில் தலித் பெண் ஒரே ஒருவர்தான். அவர் தாட்சாயணி வேலாயுதன். அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது சென்னை மாகாணம். நம் திருத்தணி வட்டாரம் அன்று சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதுவும் சென்னை மாகாணம்தான். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனும் அதே அவையில் இருந்தார். அவர் பெயர் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். தாட்சாயணியின் பெயரும் தெரிய வேண்டும்.

1912 ஜூலை 4 அன்று, கொச்சியை அடுத்த முளவுகாடு தீவில் புலையர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பொதுச்சாலையில் நடக்கவும் மேலாடை உடுத்தவும் அந்த மக்களுக்குத் தடை இருந்த காலம் அது. 1913இல் புலையர்கள் கூட்டம் நடத்த நினைத்தபோது கால் வைக்க நிலம் கிடைக்கவில்லை. காயலில் படகுகளைச் சேர்த்துக் கட்டி, தண்ணீரின் மேல் கூடினார்கள். தாட்சாயணியின் குடும்பத்துப் பெரியவர்கள் அந்த உரிமை இயக்கத்தில் இருந்தவர்கள்.

அந்த வீடு மகளுக்கு வைத்த பெயரே ஒரு துணிச்சல். புலையர் பெண்களுக்கு அழகி, காளி, சக்கி என்றுதான் பெயர் இருக்கும். தாட்சாயணி என்பது மேல்சாதியார் வைக்கும் பெயர். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் அந்தப் பெயரை வைத்தார்கள். மேலாடை உடுத்திப் பள்ளிக்கும் அனுப்பினார்கள்.

உயர்நிலைப் பள்ளியைத் தாண்டி எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். கொச்சி அரசு உதவித்தொகை தந்தது. ஆய்வுக்கூடத்தில் மேல்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைக் காட்ட மறுத்தார். தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டு 1935இல் தேறினார். நாட்டில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர்தான் என்கிறார்கள். பிறகு ஆசிரியர் பயிற்சி பெற்று, அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பாடம் நடத்தினார்.

1945இல் கொச்சி சட்டசபைக்கும், 1946இல் தம் 34ஆம் வயதில் அரசியல் நிர்ணய சபைக்கும் சென்றார். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 1948 நவம்பரில் விவாதத்துக்கு வந்தபோது பேசினார். சட்டம் மட்டும் போதாது, மக்கள் நடந்துகொள்ளும் விதம் மாற வேண்டும் என்பது அவர் வாதம். 1978இல் மறைந்தார்.

இந்த வாழ்க்கையை நாம் நம் தெருவில் வைத்துப் பார்ப்போம். இன்று உதவித்தொகை உண்டு, பள்ளி பக்கத்தில் உண்டு. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பெண் மாலையில் வீடு வந்ததும் தண்ணீர் பிடிக்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். தறி உள்ள வீட்டில் தாரும் சுற்றுகிறாள். புத்தகத்தைத் திறக்கும்போது கண் சொருகுகிறது. அம்மா நடவுக்குப் போகும் நாட்களில் பள்ளிக்கே போவதில்லை. கணக்கில் ஒரு வாரப் பாடம் விட்டால் அடுத்த வாரப் பாடம் புரியாது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததும் இவளுக்குப் படிப்பு வரவில்லை என்கிறோம். கல்யாணப் பேச்சை எடுக்கிறோம்.

தாயைக் குறை சொல்வதற்காக இதை நாம் எழுதவில்லை. அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டின் சிரமம் நமக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரமம் முழுவதும் ஏன் மகளின் தலையில் மட்டும் விழ வேண்டும்? குடத்தை அண்ணனும் தூக்கலாம், அடுப்பை அப்பாவும் பார்க்கலாம். ஒரே அறை உள்ள வீடுகளின் பிள்ளைகளுக்காக, மாலையில் சமுதாயக் கூடத்தைத் திறந்து விளக்குப் போட ஊர் இளைஞர்களால் முடியும்.

நிற்கவே நிலம் இல்லாத காலத்தில் ஒரு கூலிச் சமூகத்து வீடு தன் மகளைப் படிக்க அனுப்பியது. தினமும் மாலையில் இரண்டு மணி நேரத்தை நம் வீடுகள் மகளுக்கு விட்டுத்தர முடியாதா?