பிரௌனிங்கின் சுருள்வில்

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு ஒன்றில் தொங்கிய பழைய சுருள்வில் தராசை ஒருநாள் இழுத்துப் பார்த்தேன். வில் தளர்ந்திருந்தது, கையை விட்ட பின்னும் முள் பூச்சியத்துக்குத் திரும்பவில்லை. உடனே என் நினைவுக்கு வந்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். மிளகுக் கிடங்குக்கும் கைத்துப்பாக்கி செய்த அமெரிக்கருக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கலாம். அந்தச் சுருள்வில்தான் உறவு.

1855-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் யூட்டா பகுதியைச் சேர்ந்த ஆக்டன் என்ற ஊரில், துப்பாக்கி செய்யும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தார் பிரௌனிங். தந்தையின் பட்டறையே அவருக்குக் கல்லூரி. 1879-இல் முதல் காப்புரிமை பெற்றார். வாழ்நாள் முடிவதற்குள் அவை நூற்றைத் தாண்டிவிட்டன. ஆனால் நான் வியப்பது அந்த எண்ணிக்கையை அன்று. பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் தொழிற்சாலைக்காக அவர் அமைத்த சிறு கைத்துப்பாக்கியைத்தான்.

சுட்டவுடன் அதன் மேலுறை பின்னோக்கிப் பாயும். வெறுங்கூடு வெளியே விழும். அமுங்கிய சுருள்வில் மேலுறையை முன்னே தள்ளி, அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றும். வில் மிகக் கடினமானால் மேலுறை முழுத் தூரம் பின்செல்லாது. கூடு இடையிலே சிக்கிக்கொள்ளும். மிகத் தளர்ந்தாலோ, மேலுறை சட்டத்தில் மோதும். தோட்டாவை ஏற்றவும் வலுவிராது. பெரிய துப்பாக்கி சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். சட்டைப்பைக்குள் அடங்குவதிலோ மேலுறை இலேசு, அது ஓடும் தூரமும் குறைவு. ஆகையால் வில்லின் வலிமையை அளந்தே வைக்கவேண்டும். பிரௌனிங் அதற்குரிய 7.65 மில்லிமீட்டர் தோட்டாவையும் தாமே வகுத்தார். உதைப்பவனையும் தடுப்பவனையும் ஒருவரே படைத்தார் எனலாம்! 1900-ஆம் ஆண்டு வடிவில் குழலுக்கு மேலே வைத்த ஒரே வில், மேலுறையைத் திருப்புவதோடு தோட்டாவை அடிக்கும் ஊசிக்கும் விசை தந்தது. 1910-ஆம் ஆண்டு வடிவில் வில்லைக் குழலின்மீதே சுற்றினார், துப்பாக்கி மெலிந்தது.

பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் ஒன்று நம் மண்ணுக்கும் வந்தது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் வனத்துறை ஊழியராயிருந்த வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டது அதைக் கொண்டுதான். பிறகு தம் உயிரையும் அதனாலேயே முடித்துக்கொண்டார். இடையில் அடுத்த தோட்டாவை ஏற்றித் தந்தது அந்த வில். 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றதும் பிரௌனிங் துப்பாக்கியே. அவர் கைத்திறனை மெச்சும்போதெல்லாம் என் மனம் சற்றே தயங்குவது இதனால்தான்.

பிரௌனிங் கடைசிவரை ஓயவில்லை. 1926 நவம்பர் 26 அன்று ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில், மகன் வாலின் அறையில், இதயம் நின்று இறந்தார். அவர் முடிக்காமல் விட்ட கைத்துப்பாக்கியைச் செவ் என்ற பெல்ஜியர் திருத்தி, 1935-இல் வெளிக்கொணர்ந்தார்.