எண்ணிப் பார்க்கச் சொன்ன லைப்னிட்ஸ்

லைப்சிக் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. வீட்டில் பெரியவர்கள் லைப்சிக் மிஷன் என்று சொல்லக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அந்த மிஷன் 1848இல் ஜெர்மனியின் அந்த நகரத்துக்கு இடம் மாறியது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பிறந்த ஒருவரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுதுகிறோம். பிள்ளைகள் அவர் பெயரைக் கணக்குப் பாடத்தில் கேட்டிருப்பார்கள். காட்ஃப்ரிட் வில்ஹெல்ம் லைப்னிட்ஸ்.

1646 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை பிறந்தார். தகப்பனார் லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியர். பரிசுத்த நிக்கொலாஸ் ஆலயத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. முப்பதாண்டுப் போர் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஊர்கள் போரிலும் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பாதி காலியாகிக் கிடந்த காலம் அது. ஆறு வயதில் தகப்பனை இழந்தார். அவர் விட்டுச்சென்ற புத்தக அறைதான் பையனுக்குப் பள்ளிக்கு மேலான பள்ளியாக இருந்தது. சட்டம் படித்து முடித்தபோது லைப்சிக் அவருக்கு டாக்டர் பட்டம் தரவில்லை. 20 வயதுதானே என்று தயங்கினார்கள் போலும். அவர் ஊரை விட்டுக் கிளம்பி, 1667இல் ஆல்ட்டார்ஃப் என்ற ஊரில் பட்டம் பெற்றார். மீண்டும் லைப்சிக்கில் குடியிருக்க அவர் திரும்பவில்லை.

கால்குலஸ், கணக்குப் போடும் எந்திரம், தத்துவம் என்று அவர் செய்தவற்றை மற்றப் புத்தகங்களில் படித்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது அதிகம் பேசப்படாத வேறொன்று.

1679இல் வியன்னாவிலும், மறு ஆண்டு அவர் பிறந்த லைப்சிக்கிலும் கொள்ளைநோய் புகுந்தது. அப்போது அவர் ஹனோவர் அரசரிடம் வேலையில் இருந்தார். அந்த ஆண்டுகளில் அவர் அரசருக்கு எழுதிக் கொடுத்த யோசனை இதுதான்: நோய் வந்தபின் ஓடித் திரிவது போதாது. நாட்டுக்கென்று நிரந்தரமான ஒரு சுகாதாரச் சபை வேண்டும். குடிமக்களின் உடல்நலத்துக்கு அரசே பொறுப்பு.

பொறுப்பேற்பவனுக்கு முதலில் கணக்குத் தெரிய வேண்டும் அல்லவா? எத்தனை பேர் இருக்கிறார்கள்? எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன, அவற்றில் எத்தனை பிழைக்கின்றன? எந்த வயதில், எந்த நோயால், எந்தப் பருவத்தில் சாகிறார்கள்? இப்படி 56 கேள்விகளை அவர் பட்டியலிட்டு வைத்தார். மருத்துவர்கள் ஆண்டுதோறும் வானிலையையும் விளைச்சலையும் நோய்களையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். சீதபேதி அன்று எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர் மருந்தைப் பற்றி, தாம் மருத்துவர் இல்லாதபோதும், 1696இல் ஒரு நூலே எழுதினார்.

இந்தக் கணக்கை அன்று யார் வைத்திருந்தார்கள்? திருச்சபைதான். ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் தவிர வேறு ஏடு கிடையாது. பிரெஸ்லௌ நகரில் காஸ்பர் நொய்மன் என்றொரு லுத்தரன் போதகர் இருந்தார். அந்த நகரத்தின் பிறப்பு இறப்புக் கணக்கை வயதுவாரியாகத் தொகுத்து லைப்னிட்ஸுக்கு அனுப்பினார். ஏழு, ஒன்பது ஆகியவற்றின் மடங்கான வயதுகளில், முக்கியமாக 49இலும் 63இலும், மனிதனுக்குக் கண்டம் என்று அன்றைய ஜனங்கள் நம்பினார்கள். (நம்மூரிலும் கண்டத்துக்குக் குறைவில்லை.) போதகர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். அந்த வயதுகளில் சாவு கூடுதலாக இல்லை. பிறகு அந்தக் கணக்கு லண்டனுக்கும் போனது. வால்நட்சத்திரத்தால் நாம் அறிந்த ஹாலி, 1693இல் அதை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடிருப்பார்கள் என்ற அட்டவணையை வெளியிட்டார்.

லைப்னிட்ஸ் சொன்னதெல்லாம் நடந்ததா? இல்லை. ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் தேங்கும் தண்ணீரைக் காற்றாலைகளால் இறைத்துத் தருவதாக அவர் ஏற்ற வேலையே, பணமும் ஆண்டுகளும் செலவாகி, 1685இல் கைவிடப்பட்டது. அரசருக்கோ சுகாதாரச் சபையைவிடத் தம் வம்சத்தின் வரலாறு முக்கியமாகப் பட்டது. அதை எழுதும் வேலையை லைப்னிட்ஸின் தலையில் வைத்தார்கள். சாகும்வரை அதுவும் முடியவில்லை. 1700இல் பெர்லினில் அறிவியல் கழகம் தொடங்கி அதன் முதல் தலைவரானது மட்டும் கைகூடியது.

ஜெர்மனியில் நாடு முழுவதற்குமான சுகாதார அலுவலகம் 1876இல்தான் வந்தது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுத் தாமதம்! கணக்கு என்ன செய்யும் என்பதை 1892இல் ஹாம்பர்க் காட்டியது. அங்கே எல்ப் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தார்கள். காலராவில் 8,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஒட்டியிருந்த ஆல்டோனா நகரம் அதே ஆற்றுத் தண்ணீரை மணலில் வடிகட்டிக் குடித்தது. அங்கே சாவு மிகக் குறைவு. எல்லைத் தெருக்களில் வீடுவீடாக எண்ணிப் பார்த்தபோது, குற்றவாளி தண்ணீர்தான் என்பதை மறுக்க முடியவில்லை.

இன்று ஐரோப்பிய நாடுகள் பல, ஜெர்மனியும் சேர்ந்து, 1999இல் லண்டனில் உருவான தண்ணீர்-சுகாதார உடன்படிக்கையில் இருக்கின்றன. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் ஒவ்வொரு நாடும் தன் இலக்கையும் தேதியையும் தானே குறித்து, எவ்வளவு எட்டியது என்று கணக்குக் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், கிராமத்து வீடு ஒவ்வொன்றிலும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. எந்தத் தெருவில் குழாய் இருக்கிறது, எந்தத் தெருவில் காற்று மட்டும் வருகிறது என்று எண்ணாமல் அந்த இலக்கை யாரும் சரிபார்க்க முடியாது. பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்று 1969இல் நாம் செய்த சட்டமும் அந்த 56 கேள்விகளுக்குப் பங்காளிதான்.

லைப்னிட்ஸ் 1716 நவம்பர் 14இல் ஹனோவரில் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அரசவையிலிருந்து அடக்கத்துக்கு யாரும் வரவில்லை, உதவியாளர் மட்டும் நின்றார் என்பார்கள். லைப்சிக்கில் 1883இல் அவருக்கு வைத்த வெண்கலச் சிலை இன்று, பட்டம் தர மறுத்த பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் நிற்கிறது. நிக்கொலாஸ் ஆலயத்திலிருந்து அந்தச் சிலைக்கு நடந்தே போய்விடலாம்.